ஜோ நோ யாமாவும் இங்கிலீஷ் டீச்சரும்

என் மாமன் மகள் ஒருத்தி ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறாள். எங்க ஆனைமலையில் யாரிடம் இதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, அமெரிக்காக்காரன் லண்டன்காரன் எல்லாம் இல்லாமயா நம்ம புள்ளையக் கூப்ட்டுட்டாங்க?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் போனால் அது எங்கெங்கோ சுத்தி, கடைசியில் எங்க ஊருக்கு மேலே இருக்கிற மலைக்குத்தான் போய் நிற்கும். கொஞ்சம் நீளமாப் போகும், டீ குடிச்சுட்டு வந்து உக்காருங்க.

மாப்பிள்ளைக்கு சாப்ட்வேர் வேலை. டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் ஜாகை. அம்மணி பொள்ளாச்சியில் பி.எட். முடிச்சவள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளிகளில் 'உதவி மொழி ஆசிரியர்' வேலைக்கு எழுதிப் போட்டாள். கிடைச்சுது. ஜப்பானில் இந்த ஏற்பாடு புதுசு இல்லைங்க. ஜெட் என்கிற அரசுத் திட்டத்தில் 1987-லிருந்தே வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிக்கூடங்களில் விட்டுக் கொண்டிருக்கிறார்கள். அது போக நகராட்சிகளும் நேராகவோ தனியார் ஏஜென்சி மூலமாகவோ ஆள் எடுக்கும். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இதைத்தான் நான் முதலில் நம்பவில்லை. ஆறு வயசு, எட்டு வயசுப் பொடுசுகளிடம், அதுங்க பேசுகிற மொழியில் ஒரு வார்த்தை தெரியாத ஆளை எப்படி விடுவார்கள்?

விடுவதில்லை என்பதுதான் பதில். தனியாக விடுவதில்லை.

முதல் நாள் எல்லா வகுப்பிலும் சுய அறிமுகம் செய்யச் சொல்வார்களாம். படம் காட்டி, ஊரைப் பத்திச் சொல்லி, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட வேண்டும். இவள் ஊர்ப் பேரைச் சொன்னதும், பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். யானை, மலை என்று இவள் கையைக் காலை ஆட்டிக் காட்ட, அந்த அம்மா கரும்பலகையில் எழுதிப் படித்தாராம்: 'ஜோ நோ யாமா'. யானையின் மலை. அவ்வளவுதான், மூணாங்கிளாஸ் பூராவும் கையைத் தூக்கிவிட்டது. ஸ்கூலுக்கு யானை மேலதான் போவீங்களா? யானைக்கு இங்கிலீஷ் தெரியுமா? உங்க வீட்டு யானை பேர் என்ன? மாசாணியம்மன் கோயில் படம், தென்னந்தோப்புப் படம், ஆழியாறு அணைப் படம் எல்லாம் பெட்டியிலேயே கிடந்தது என்று போனில் சொல்லிச் சிரித்தாள்.

நான் பிடித்துக் கொண்டது அந்த வகுப்பாசிரியையை. அங்கே தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர், அனேகமாக எல்லாப் பாடத்துக்கும் அவரேதான். 'தன்னின்' என்கிறார்கள். பிள்ளைகளோடு மத்தியானம் சோறு உண்பார், சாப்பாட்டுத் தட்டு எடுக்க வைப்பார், சாயங்காலம் வகுப்பறை கூட்டித் துடைக்கிற வேலையில் கூட நிற்பார். எந்தப் பையன் வீட்டில் தகராறு, எவள் நேத்து ராத்திரி தூங்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இங்கிலீஷ் வகுப்பிலும் அவர் வெளியே போக மாட்டார். வெளிநாட்டு டீச்சர் ஒரு பக்கம், தன்னின் ஒரு பக்கம். அந்த அம்மாவின் இங்கிலீஷ் தடுமாறும், அது பரவாயில்லை. பிள்ளைகளுக்கு முன்னாலேயே 'இதை எப்படிச் சொல்றது?' என்று இவளிடம் கேட்பாராம். பெரியவர் ஒருத்தர் தப்புத் தப்பாகப் பேசி, திருத்திக் கொண்டு, திரும்பப் பேசுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இதை விடப் பெரிய பாடம் ஏதாவது பாடப்புத்தகத்தில் இருக்குமா எனக்குத் தெரியவில்லை.

நம்மாளுங்க ஜப்பான் என்றதும் உடனே 'ஆஹா ஓஹோ' என்று ஆரம்பிப்பார்கள். நான் அந்தக் கோஷ்டி கிடையாது. அங்கேயும் ஓட்டை உண்டு. தொடக்கப்பள்ளியில் இங்கிலீஷ் கட்டாயமானதே 2011-ல்தான், அதுவும் 5, 6-ம் வகுப்புக்கு வெறும் 'நடவடிக்கை' என்ற பேரில். 2020-லிருந்து 3, 4-க்கு அந்த நடவடிக்கை வருஷத்துக்கு 35 பீரியட், 5, 6-க்கு முறையான பாடமாக 70 பீரியட். இத்தனை வருஷம் இங்கிலீஷ் பக்கமே போகாத வாத்தியார்கள் திடீரென்று நடத்த வேண்டும் என்றதும் பயந்துதான் போனார்கள். சில பள்ளியில் தன்னின் ஓரமாக உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். சில பள்ளியில் தலைகீழ், வெளிநாட்டுக்காரரை நிற்க வைத்து 'இந்த வார்த்தையைச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க' என்பதோடு சரி. அந்த வேலை பார்ப்பவர்களே தங்களை மனித டேப் ரிக்கார்டர் என்று கிண்டல் செய்து கொள்வது வழக்கம். ஏஜென்சி குத்தகையில் இன்னொரு கூத்து. ஒப்பந்தம் ஒரு மாதிரியாக இருந்தால், வகுப்பாசிரியர் ஏஜென்சி ஆளுக்கு நேராக வேலை சொல்லக் கூடாது, ஏஜென்சி வழியாகத்தான் சொல்லணும் என்று தொழிலாளர் சட்டம் குறுக்கே நிற்கும். ஒரே அறையில் ரெண்டு டீச்சர், ஆனால் பேசிக் கொள்ளக் கூடாது! நம்ம சர்க்கார் ஆபீஸ் தோத்தது போங்க :-)

ஆனா ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவு. 3, 4-ம் வகுப்பில் கேட்கிறது, பேசுறது மட்டும்தான். இங்கிலீஷை வாசிக்க, எழுத வைப்பது 5-ம் வகுப்புக்கு மேலேதான். (ரோமன் எழுத்தை மட்டும் 3-ம் வகுப்பில் ஜப்பானிய மொழிப் பாடத்துக்குள்ளேயே காட்டி விடுகிறார்கள், அவங்க ஊர் பேரை எழுதுறதுக்கு.) அதாவது சொந்த மொழியில் பிள்ளை நன்றாக வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்த மொழியின் எழுத்து தலையில் ஏறுகிறது.

இன்னொன்று, இது என் மாமன் மகள் கண்டுபிடிப்பு. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர, தமிழ் தெரிந்தவளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறதாம். 'நான் சோறு உண்கிறேன்' என்று நாம் வினையைக் கடைசியில் வைக்கிற மாதிரியே அவர்களும் 'வதாஷி வா கோஹான் ஓ தபெமாஸ்' என்று வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். 'உண்கிறீர்களா' என்று நாம் கடைசியில் ஒரு 'ஆ' ஒட்டினால் அவர்கள் 'தபெமாஸ் கா' என்று ஒரு 'கா' ஒட்டுகிறார்கள். நாம 'பஸ்ஸு', 'மில்க்கு' என்று வார்த்தைக்குக் கடைசியில் ஒரு உகரம் போட்டு இழுக்கிற மாதிரி அவர்கள் 'பசு', 'மிருகு' என்கிறார்கள். (அந்த 'பசு' நம்ம ஊர் பசு இல்லை, பஸ்தான்.) 'எ', 'தி' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிற சமாச்சாரம் அவர்களுக்கும் புரியாது, நமக்கும் சின்ன வயசில் புரியவில்லை. ஆக ஒரு ஜப்பானியக் குழந்தை எங்கே தடுக்கி விழும் என்பது லண்டன்காரிக்குத் தெரியாது, ஆனைமலைக்காரிக்குத் தெரியும். தானும் அதே இடத்தில் விழுந்து எழுந்தவள் அல்லவா! இதைச் சொன்னதும் சிலர் 1980-களில் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சொன்னதை எடுத்துக் கொண்டு வருவார்கள். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப் போகிறது, டீச்சருக்கு அது போதும்.

சரி, இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா...

எங்க ஊரிலிருந்து சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி மேலே போனால் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 35 கிலோமீட்டர். 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு அது. உள்ளே கோழிகமுத்தியில் யானை முகாம், இருபதுக்கும் மேல யானைகள், அதற்குப் பாகனும் காவடியுமாகப் பெரும்பாலும் மலசர் குடும்பங்கள். எருமைப்பாறையில் காடர்கள். வால்பாறைப் பக்கம் முதுவர். மலைமலசர், புலையர், எரவாளர் என்று இந்த மலையில் மொத்தம் ஆறு பழங்குடிகள். நம்ம டூரிஸ்ட்டுகளுக்கு யானை தெரியும், சிங்கவால் குரங்கு தெரியும். இவர்கள் கண்ணில் படுவதில்லை.

நானும் ரெண்டு நண்பர்களும் கொஞ்ச காலம் சனிக்கிழமைகளில் அனுமதி வாங்கிக் கொண்டு ஒரு செட்டில்மென்டுக்குப் போய் வந்தோம். எதுன்னு சொல்லலை, அந்தப் பள்ளியில் இருக்கிற வாத்தியார் நல்ல மனுஷன், அவருக்கு என்னால் ஒரு தொல்லை வேண்டாம். பிள்ளைகளுக்குக் கதை சொல்றது, படம் வரையுறது, கூடவே கொஞ்சம் இங்கிலீஷ். அங்கே பார்த்ததைத்தான் சொல்ல வந்தேன்.

வாத்தியார் கீழ்நாட்டுக்காரர். தமிழில் பாடம் நடத்துவார். இங்கிலீஷ் பாடம் என்றால் இங்கிலீஷ் வாக்கியத்தை வாசித்து, அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்வார். நம்ம எல்லாருக்கும் நடந்த மாதிரியேதான். மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைகள் தலையாட்டும். ஒண்ணாங்கிளாஸில் புதுசாச் சேர்ந்த ரெண்டு வாண்டுகள் மட்டும் வாத்தியார் முகத்தையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு, ஒருத்தியின் அக்கா. வாத்தியார் தமிழில் சொன்னதும் இவள் குனிந்து, அவங்க பேச்சில் ஏதோ ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை முணுமுணுப்பாள். உடனே வாண்டுகளின் முகத்தில் வெளிச்சம் வரும், கை காலைக் காட்டும், சிரிக்கும். அக்கா லீவு போட்ட ஒரு சனிக்கிழமை அதே ரெண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், மத்தியானம் வரைக்கும்.

அதாவதுங்க, அந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி இல்லை. மூணாவது. வீட்டு மொழி ஒன்று. பள்ளிக்கூடத் தமிழ் ரெண்டு. அந்தத் தமிழ் வழியாக வருகிற இங்கிலீஷ் மூணு. யானைக் கொட்டடியில் வளர்கிற பையன் என்றால், யானையிடம் பேசுவதற்கென்றே இருக்கிற ஆணைச் சொற்கள் இன்னொரு கணக்கு, அதில் அவன் நம்ம எல்லாரையும் விடப் புலமை! அந்தப் பையனைத்தான் 'மொழி வராது, மந்தம்' என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அவங்க பேசறதும் தமிழ்தானுங்களே, கொஞ்சம் இழுத்துப் பேசறாங்க, அவ்வளவுதானே?" படிச்ச ஆட்களே சொல்கிறார்கள். காடர் பேச்சு தமிழும் மலையாளமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த திராவிட மொழி, முதுவருக்குத் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வாய்மொழிக் கதையே உண்டு. பக்கத்து மொழிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பதுதான் தொல்லை. ஜப்பானியக் குழந்தை பேசுவது தனக்குப் புரியாது என்று என் மாமன் மகளுக்கு நல்லாத் தெரியும். அதனால் அவள் படம் காட்டுகிறாள், ஆடிக் காட்டுகிறாள், தன்னின் முகத்தைப் பார்க்கிறாள். மலைக்கு வருகிற வாத்தியாருக்குப் பிள்ளை பேசுவது முக்கால்வாசி புரிகிற மாதிரி இருக்கும். அந்த மாதிரி இருப்பதாலேயே மிச்சம் கால்வாசியை 'தப்பாப் பேசறான்' என்று திருத்த ஆரம்பித்து விடுவார். நம்மையே பொள்ளாச்சி தாண்டிப் போனா 'என்னங்க ஙொய்ங் ஙொய்ங்னு பேசறீங்க' என்று கேலி செய்யவில்லையா? கொங்குத் தமிழுக்கே அந்தக் கதி என்றால் காட்டுக்குள் இருக்கிற ஆறு வயசுக்கு என்ன கதி? நாலு தடவை திருத்தினால் அஞ்சாவது தடவை பிள்ளை வாயையே திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளைக்கு இங்கிலீஷ் எங்கிருந்துங்க வரும்?

இருமொழியா மும்மொழியா என்று நாட்டில் நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1968-ல் அண்ணா சட்டசபையில் தீர்மானம் போட்டு இருமொழிக் கொள்கை வந்தது. 2020-ல் மத்திய அரசின் புதிய கல்விக் கொள்கை வந்த பிறகு திரும்ப அனல் பறக்கிறது. நான் இந்தியைத் திணிப்பதற்கு எதிர்ப்பக்கம்தான், அதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மேடைகளில் ரெண்டு தரப்புமே பேசாத ஒன்று, எங்க மலைப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கொள்கையே மும்மொழிக் கொள்கைதான் என்பது. அவர்கள் மொழி கணக்கிலேயே வரவில்லை. நம்ம தாய்மொழி உரிமைக்கு நாம் சொல்கிற அத்தனை நியாயமும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், ஒரு வரி மாற்ற வேண்டாம்.

சட்டமும் இருக்கிறதுங்க. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக் கொடு என்கிறது. இந்த 'முடிந்தவரை' இருக்கிறதே, அதில்தான் லாரி போகிற அளவுக்கு ஓட்டை. ஆறு பழங்குடிக்கும் ஆறு பாடப்புத்தகம் அடிக்க முடியுமா, எழுத்து இல்லாத மொழிக்கு என்ன செய்வது என்று கேட்டு ஃபைலை மூடி விடுவார்கள்.

புத்தகம் அடிச்ச ஊரும் உண்டு. ஒடிசாவில் 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் ஆரம்பித்து, பிறகு இருபத்தொன்றுக்குக் கொண்டு போனார்கள். அது பெரிய வேலை, அதற்கு அவ்வளவு ஜனத்தொகையும் இருக்கிறது. எங்க மலைக்கு அது அப்படியே ஒத்து வருமா என்பதில் எனக்கே சந்தேகம்தான், ஒவ்வொரு செட்டில்மென்டிலும் இருப்பதே கொஞ்சம் குடும்பங்கள். எனக்குப் பிடித்தது பக்கத்து வீட்டு வேலை. 2017-ல் கேரளா வயநாட்டில் 'கோத்ரபந்து' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. பழங்குடிகளில் படித்த பிள்ளைகளையே தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாகப் போட்டார்கள், இருநூறு பேருக்கு மேல். பாடம் நடத்துகிற டீச்சர் நடத்தட்டும். பக்கத்தில் நம்ம ஆள் ஒருத்தர், பிள்ளையின் பேச்சு தெரிந்தவர், பிள்ளை வராவிட்டால் குடிசைக்கே போய்க் கூட்டி வரக் கூடியவர். அவ்வளவுதான் விஷயம். டாப்ஸ்லிப்பிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் பரம்பிக்குளம், கேரளா. அந்தப் பக்கத்துக் காடரும் இந்தப் பக்கத்துக் காடரும் சொந்தக்காரர்கள். (அங்கே காடர்கள் 'மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடி' பட்டியலில் இருக்கிறார்கள், இங்கே அந்த ஆறு பேர் பட்டியலில் இல்லை. கோடு போட்ட மகராசனைக் கேட்க வேண்டும்.)

இப்போ ஜப்பானை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் மொழி தெரியாத வெளியூர் டீச்சர் ஒருத்தி, பிள்ளையின் மொழி தெரிந்த தன்னின் ஒருத்தர். சொல்லித் தருகிற ஆள் அன்னியர் என்பது அங்கே ஒரு குறையே இல்லை. அந்த அன்னியரோடு பிள்ளையைத் தனியாக விடாமல் இருந்தால் போதும் என்று புரிந்து வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடுகளில் ஒன்று, ஜப்பானிய மொழி பேசும் பெரும்பான்மைப் பிள்ளைகள், கொட்டிக் கிடக்கிற புத்தகங்கள், 'லெட்ஸ் ட்ரை' என்று படம் போட்ட அழகான நோட்டு. அவர்களே ரெண்டு ஆளைப் போடுகிறார்கள். நாம் ஈராசிரியர் பள்ளியில் அஞ்சு வகுப்பையும் ரெண்டு பேர் தலையில் கட்டி, அதில் ஒருத்தர் மீட்டிங் போய் விட்டால் மீதி ஒருத்தரே தமிழும் இங்கிலீஷும் கணக்கும் சேர்த்து நடத்தணும் என்கிறோம்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கொரோனாவில் விட்டுப் போனதைப் பிடிக்க 2022-ல் கொண்டு வந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை வயசை வைத்துப் பார்க்காமல் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னது நல்ல யோசனை. ஆட்டம் பாட்டம் பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. அதே வருஷம் ஆரம்பித்த காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பிள்ளை அரும்பிலேயே நிற்கிறது என்று ஆப்பில் டிக் அடிக்கிற வாத்தியாருக்கு, அது ஏன் நிற்கிறது என்று எழுத அதில் கட்டம் இல்லை. தமிழ் வீட்டுப் பிள்ளை அரும்பில் நிற்பதும், காடர் வீட்டுப் பிள்ளை அரும்பில் நிற்பதும் ஒரே காரணத்துக்கு இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழும், தெரியும். "பழங்குடிப் பிள்ளைங்க அவங்க மொழியிலேயே இருக்கட்டும்கிறீங்களா? நம்ம பிள்ளைங்க மட்டும் கான்வென்ட்டுக்குப் போவணுமா?" ஐயா, இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த செட்டில்மென்டில் ஒரு பாகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "எம்புள்ள இங்கிலீசு பேசுமுங்களா" என்பதுதான். வெள்ளைக்கார டூரிஸ்ட் வந்தால் யானையைப் பத்தி அவன் பிள்ளையே சொல்லணும், இடையில் ஒரு கைடு சம்பாதிக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. அருமையான கணக்கு! நான் சொல்வது, அந்த இங்கிலீஷ் பிள்ளைக்கு வந்து சேரணும் என்றால் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்பது. 2012-13-லிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்பு வந்த பிறகு எல்லாரும் அதற்கே ஓடுகிறார்கள். பிள்ளையின் பேச்சும் புரியாமல், இங்கிலீஷும் பழக்கமில்லாமல், புத்தகத்தை மட்டும் இங்கிலீஷில் கொடுத்தால் அது ஆங்கில வழியா, முட்டுச்சந்தா?

எங்க ஊர் சமவெளிக்கதையும் ஒரு வரி சொல்லி விடுகிறேன். ஆனைமலையைச் சுற்றித் தேங்காய் நார் மில்லுகளில் வேலை செய்வோர் பாதிப்பேர் இப்போ வடக்கே இருந்து வந்தவர்கள், வால்பாறை எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாம்காரர்கள். அவங்க பிள்ளைகளும் நம்ம பஞ்சாயத்துப் பள்ளியில்தான் உட்கார்ந்திருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான், மருந்து மட்டும் வேற. அதுங்க வருஷா வருஷம் வந்து போகும், எந்த மொழிக்காரரைப் பாலமாகப் போடுவது என்பதே குழப்பம். அதைத் தனியாக எழுத வேண்டும். மலையில் அந்தக் குழப்பம் இல்லைங்க. ஜனங்கள் அங்கேயே இருக்கிறார்கள், மொழி இன்னதென்று தெரியும், ஆளும் இருக்கிறது.

ஆள் இருக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. நாங்கள் போய் வந்த அதே செட்டில்மென்டிலிருந்து ஒரு பொண்ணு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கி ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ பாஸ் செய்தாள். அந்த ஊரில் அவ்வளவு தூரம் வந்ததே நாலைந்து பேர்தான். மத்தவர்கள் அஞ்சாவதோடோ எட்டாவதோடோ காட்டுக்குத் திரும்பியவர்கள், பெரும்பாலும் கீழே இறங்கிய முதல் வருஷத்திலேயே. இவளுக்கு வீட்டு மொழி, தமிழ், மலையாளம் மூன்றும் தண்ணி பட்ட பாடு, இங்கிலீஷ் நிதானமாக வாசிப்பாள். டீச்சர் டிரெய்னிங்குக்குப் பணம் இல்லை. இப்போ பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக் கொண்டிருக்கிறாள். அங்கேயே லேடீஸ் ஹாஸ்டல், மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு.

போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். ஜப்பான் கதையைச் சொன்னேன், வயநாட்டுக் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூட நின்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஒரு வேலை அரசாங்கம் கொடுத்தால் போவாயா கண்ணு என்று கேட்டேன். கடையில் கூட்டம், சூப்பர்வைசர் முறைத்துக் கொண்டிருந்தார். கையில் இருந்த சேலையை மடித்து அடுக்கி விட்டு, குரலைத் தாழ்த்தி, "அது வூட்ல இருந்தே போய்ட்டு வர்ற மாதிரி வேலைங்களாண்ணா?" என்றாள்.